புதுப்பிப்பு: கொல்லையில மஞ்சப் பூச்செடி, கடுகா நாய்வேளையா?

போன வாரம் போட்டோ போட்டு கேட்டிருந்தேன்ல, தொண்டி பக்கம் எங்க வீட்டுக் கொல்லையில மழைக்கப்புறம் மணல்ல மஞ்சளா பூத்த செடி, கடுகான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முடிவு என்னன்னா நாய்வேளை தான், நாய்க்கடுகுன்னும் சொல்றாங்க. "இலைய விடுங்க, மகரந்தத்தாள (பூ நடுவுல மகரந்தத்தூள் இருக்குற இழை) எண்ணுங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்னாருல்ல, அதுதான் வேலை செஞ்சுது. கடுகுப் பூவுல ஆறுதான் இருக்கும், நாலு நீளம் ரெண்டு குட்டை, இதுல பத்துக்கு மேல எண்ணிட்டு விட்டுட்டேன். இதழ் ரெண்டுலயும் நாலுதான், ஆனா கடுகுல சிலுவை மாதிரி விரியும், இதுல நாலும் மேல் பக்கமா ஒதுங்கி நிக்குது. காயப் பிரிச்சா நடுவுல தடுப்புச் சவ்வு இல்ல, கடுகுக் காயில இருக்கும். தண்டெல்லாம் பிசுபிசுன்னு மணல் ஒட்டிக் கெடக்கு, கைய மூணு தடவ கழுவியும் வாடை போகல.

எதிர்பாக்காதது, அடுப்படி ஜன்னலுக்குக் கீழ நின்ன ரெண்டு செடி மட்டும் நெசமாவே கடுகு!! அஞ்சறைப்பெட்டி கழுவுன தண்ணிய அப்பத்தா அங்கதான் ஊத்தும். அதான் ஆளாளுக்கு வேற பதில் சொல்லிருக்கீங்க, நான் ரெண்டு வகைச் செடியையும் கலந்து போட்டோ எடுத்துருக்கேன், தப்பு என்னுது.

நாய்வேளையும் கடுகும் ஒரே குடும்பமான்னு கேட்டவங்களுக்கு: இல்ல, ஆனா நாய்வேளைக் குடும்பம் கடுகுக் குடும்பத்துக்கு ரொம்ப நெருங்குன சொந்தம்.