வாடகை வீடு பராமரிக்கும் தொழில்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மேடவாக்கத்தில் இருக்கிறேன். துபாயில் இருக்கும் மாமாவின் ஃபிளாட்டை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதைக் கேள்விப்பட்டு அவருடைய நண்பர்கள் இருவரும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். சரி, இதையே தொழிலாகச் செய்யலாமே என்று இறங்கிவிட்டேன்.

போன மாதம் ஒரு வீடு காலியானது. சிங்க்குக்குக் கீழே பலகை முழுக்க ஊறி உப்பியிருந்தது. குடிவந்த அன்று போட்டோ எடுத்து வைக்காததால் அட்வான்ஸில் பிடிக்க வாய் வரவில்லை. தச்சர் கூலி என் கையிலிருந்துதான் போனது. இப்போது கரண்ட் மீட்டர் ரீடிங் வரை படம் எடுக்கிறேன்.

2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், உரிமையாளர் சார்பில் பார்த்துக்கொள்பவரின் விவரத்தைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுவரை தெரியும். என் குழப்பம் வேறு. கட்டணத்தை வாடகையில் சதவீதமாக வாங்குவதா, மாதம் இவ்வளவு என்றா? வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களில் எப்படி? உரிமையாளரிடம் பவர் பத்திரம் வாங்குகிறீர்களா, கடிதமே போதுமா? அப்புறம், வெளிநாட்டு உரிமையாளருக்கான வாடகையில் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே கழிக்கும் தொகை) பிடிக்கச் சொன்னாலே குடிவருபவர்கள் ஓடுகிறார்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புரோக்கர் வேலை செய்யும் எண்ணம் இல்லை, அதனால் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று இன்பாக்ஸில் வர வேண்டாம்.