வீட்டிலேயே செய்த சப்வூஃபர்: ஆம்ப்ளிஃபையர் தேர்வும் பெட்டி வைக்கும் இடமும்

தாழ்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் சப்வூஃபர் பெட்டிக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றே நண்பர்கள் பலரும் கேட்டிருப்பதால், என் 12 அங்குல டிரைவரை (பெட்டிக்குள் பொருத்தும் ஸ்பீக்கரை) வைத்து நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது வாட் அல்ல, ஓம் (மின்தடை அளவு). இந்த டிரைவரில் 4 ஓம் காயில்கள் இரண்டு இருக்கின்றன. தொடர் இணைப்பில் 8 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம் கிடைக்கும். 2 ஓமைத் தாங்காத ஆம்ப்ளிஃபையருக்குப் பக்க இணைப்பைக் கொடுத்தால் ஐசி கொதித்துவிடும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் டிடிஏ7294, டிபிஏ3116 என்ற ஐசிகள் உள்ள இரண்டு ஆம்ப்ளிஃபையர் போர்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்னது அதிகம் சூடாகும் ஏபி வகை என்பதால் பெரிய ஹீட்சிங்க் தேவைப்படுகிறது; அதற்கு இரட்டை (பிளஸ், மைனஸ்) சப்ளையும் வேண்டும். குறைவாகச் சூடாகும் டி வகையான பின்னது, மோனோவாக இணைத்தால் ஒற்றை 21 வோல்ட் சப்ளையிலேயே 2 ஓமுக்கு 100 வாட் வரை தரக்கூடியது. ஆனால் சப்ளை 6 ஆம்பியராவது கொடுக்க வேண்டும். இதையே வாங்கினேன். கடையில் சொல்லும் பிஎம்பிஓ எண்ணை (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய உச்ச வாட்) தயவுசெய்து நம்ப வேண்டாம்; ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) மட்டுமே கணக்கு.

வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இருமடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியைச் சுவரின் நடுவிலிருந்து மூலைக்கு நகர்த்தியபோதோ, ஒரு பைசா செலவில்லாமல் பேஸ் பெருகியது. ஆனால் அது சீராக இல்லை. என் அறை 12க்கு 10 அடி. நீளவாக்கில் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவர்களுக்கிடையே எதிரொலித்து, சில இடங்களில் பெருகியும் சில இடங்களில் அடங்கியும் நிலையலையாக நின்றுவிடுகிறது. பேஸ் கிதாரில் அந்தச் சுரங்கள் வரும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அடுத்த சுரம் காணாமலே போனது.

பெட்டியும் காதும் இடம் மாறினாலும் கேட்பது ஒன்றுதான். ஆகவே பெட்டியை நான் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, ஒரே பேஸ் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேட்டேன். எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் கேட்ட இடம் மூலையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி இருந்தது. பெட்டி இப்போது அங்கேதான் இருக்கிறது. தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை மாற்றி மாற்றிக் கேட்டு, அந்த அலைவெண்ணில் ஒலி வலுவாக வந்த பக்கத்திலேயே நிறுத்தினேன்.

மறுமொழி

அண்ணா, உங்களுடையது மூடிய பெட்டி என்று நினைக்கிறேன். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்ட்டின் டியூனிங் அலைவெண்ணுக்கு (குழாய் ஒத்ததிரும் அலைவெண்) கீழே கோனைப் பிடித்து நிறுத்தும் காற்றழுத்தம் பெட்டிக்குள் இருப்பதில்லை. ஆகவே குறைந்த வாட்டிலும் கோன் அளவுக்கு மீறி முன்னும் பின்னும் பாய்ந்து, காயில் அடிபடும். என் பெட்டியில் கோன் பாய்வதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு, மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் உள்ள போர்டாகத் தேடி வாங்கினேன். மாடி வீடு என்பதால் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பரும் கொடுத்திருக்கிறேன். தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு குறைந்திருக்கிறது, காற்று வழியாகப் போவதற்கு ஒலியைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.