பொருள்: ‘ஃபாகிங்’ – பனியா, புகையா, மருந்தா?

வணக்கம் ஐயா,

> கொசுவுக்கு அடிக்கும் ‘ஃபாகிங்’குக்கு ஒரு சொல் வேண்டும். அகராதியைப் புரட்டினால் ‘ஃபாக்’ என்றால் மூடுபனி என்கிறது.

அந்த மூடுபனி செய்த வேலையைப் போன வாரம்தான் பார்த்தேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி அருகே ஓர் அறிவிப்பு: ‘வியாழன் காலை மூடுபனி இடப்படும். சன்னல்களை மூடவும்.’ கீழ்வீட்டுப் பாட்டி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஊட்டியில விழுறத இங்க யாருப்பா கொண்டாந்து இடுறா?” என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

ஆங்கிலத்தில் ‘ஃபாக்’ கண்ணை மறைக்கும் எதற்கும் போகும். மலைச்சாலை, வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன ஃபிலிம் சுருள், ஏர்கான் ரயிலை விட்டு வெளியே வந்ததும் மங்கிப்போகும் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அதே சொல். நாம் முதலில் பொருளைக் கேட்போம். நீரா? பனிமூட்டம். எரிந்து வந்ததா? புகைமூட்டம். கண்ணாடியிலா? ஆவி படிந்திருக்கிறது. அதனால் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முடியாது.

வானிலையில் சிக்கல் குறைவு. 1 கிலோமீட்டருக்குள்ளேயே பார்வை மறைந்தால் மூடுபனி, அதைத் தாண்டித் தெரிந்தால் பனிமூட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். மழை விட்ட விடியலில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் மேல் தவழ்வது இரண்டாவது வகை. புகைமூட்டத்தைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது முகக்கவசம் தேடி அலைந்தவர்கள் எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான்.

இப்போது கொசுவுக்கு வருவோம். தோளில் மாட்டிய அந்த இயந்திரம் டுர்ரென்று கத்திக்கொண்டு வெள்ளையாகக் கக்குவது உண்மையில் புகை இல்லை. எண்ணெயில் கலந்த மருந்து எஞ்சினின் சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் குளிர்ந்து பொடித்துளிகளாகிறது. மூடுபனி பிறக்கும் விதமும் ஏறக்குறைய இதுதான். ஆக, அறிவிப்பு எழுதியவர் அறிவியலில் தேறிவிட்டார், பாட்டியிடம்தான் தோற்றார்.

‘மருந்து தெளித்தல்’ ஆகாது. சுவரில் ஈரமாக அடிப்பதற்கு அது வேண்டும். ‘புகையூட்டல்’ மூடிய கொள்கலனுக்குள் நச்சுவாயு செலுத்துவதற்குப் போய்விட்டது. என் பரிந்துரை: மருந்துப்புகை, மருந்துப்புகை அடித்தல். வடிகால் ஓரம் அடிக்கும் ஊழியர்களும் “புகை அடிக்கிறோம், தள்ளிப் போங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

---

தம்பி,

இயந்திர விளக்கம் நன்று. ஆனால் ‘மருந்துப்புகை’ என்றால் என் காதுக்கு நொச்சியும் சாம்பிராணியும்தான் வருகின்றன. சளி பிடித்தவர்கள் சன்னலைத் திறந்துவைத்து மூச்சை இழுப்பார்கள்! மருந்தை எடுத்துவிட்டு, கொசுப்புகை என்று வைக்கலாமா? இன்னொன்று: இது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், பூந்தொட்டித் தட்டில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. அறிவிப்பில் தட்டு நீரைக் கொட்டச் சொல்லியும் ஒரு வரி சேர்க்கவும்.

---

ஐயா,

‘கொசுப்புகை’ என்றால் கொசுவிலிருந்து வரும் புகையா என்று யாராவது கேட்பார்களோ என ஒரு நிமிடம் யோசித்தேன். கொசுவலையைக் கொசுவைக் கொண்டா பின்னுகிறோம்? கொசுவத்தியும் அப்படித்தானே. சரி, ஏற்கிறேன். இயந்திரத்துக்குப் புகையடிப்பான் போதும்.

இடையில் ஒரு நண்பர் ‘ஃபாக் கம்ப்யூட்டிங்’ கேட்டிருந்தார். தொலைவிலுள்ள கணினிகளை இணையம் வழியே பயன்படுத்தும் மேகக் கணிமையை (‘கிளவுட் கம்ப்யூட்டிங்’) தரைக்குப் பக்கத்தில், அதாவது நம் கருவிகளுக்கு அருகில், இறக்கியதால் வந்த பெயர் அது. மேகத்துக்கும் மலைப்பனிக்கும் பொதுவான ‘மஞ்சு’ நம்மிடம் சும்மா கிடக்கிறது. மஞ்சுக் கணிமை எனலாம். விவாதம் வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

‘வியாழன் காலை கொசுப்புகை அடிக்கப்படும்’ என்று ஒரு தாளில் எழுதி நேற்றுப் பாட்டியிடம் நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்து, “அப்ப மூங்கில் கழியில காயுற துணிய எத்தன மணிக்கு எடுக்கணும்?” என்றார்.