விலங்கு, வாழிடம், சூழல் பங்கு: டேபிள்களை எப்படிப் பிரிப்பது?

தும்பி:
விலங்குகளுக்கு ஒரு தரவுத்தளம் கட்டுகிறேன். ‘உயிரினம்’ டேபிளிலேயே வாழிடத்துக்கும் சூழல் பங்குக்கும் தலா ஒரு நெடுவரிசை வைத்தேன். தவளையில் சிக்கல். தலைப்பிரட்டை தண்ணீரில் பாசியைச் சுரண்டித் தின்கிறது, வளர்ந்தது கரையில் பூச்சி பிடிக்கிறது. இரண்டையும் காற்புள்ளி போட்டு எழுதினால் தேடல் சொதப்புகிறது. எது எதைத் தின்னும் என்பதையும் சேர்க்கணும்.

வேர்:
பங்கு என்பது உயிரினத்தோடு ஒட்டிய குணமல்ல. ஓர் இடத்தில், ஒரு பருவத்தில் அது செய்யும் வேலை. அதனால் இணைப்பு டேபிள் ஒன்று போடுங்கள்: உயிரின ஐடி, வாழிட ஐடி, வாழ்க்கைப் பருவம், பங்கு ஐடி. நான்கும் சேர்ந்து முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது. தவளைக்கு இரண்டு வரி வரும், அவ்வளவுதான். பருவத்தை வெற்றாக விடாதீர்கள். ‘எல்லாப் பருவமும்’, ‘தெரியாது’ இரண்டும் வெவ்வேறு மதிப்புகள்.

அறிவியல் பெயரைச் சாவியாக்க வேண்டாம். ஆப்பிரிக்க யானையை ஐயுசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு) 2021இல் சவன்னா யானை, காட்டு யானை என இரு இனங்களாக மதிப்பிட்டது. லோக்சோடோன்டா ஆஃப்ரிகானா என்ற பெயர் சவன்னா யானைக்கே நின்றது. பழைய வரிகளில் அதே பெயர் இரண்டையும் குறிக்கும்! பெயர் தனி டேபிளில், எந்த வகைப்பாட்டின்படி என்ற குறிப்போடு இருக்கட்டும்.

நீர்நாய்:
தின்னும் உறவுக்குத் தனி டேபிள்: தின்னி, இரை, இருவரின் பருவம், வாழிடம். திசையில் கவனம். உணவு வலைப் படத்தில் அம்பு இரையிலிருந்து தின்னிக்குப் போகும், ஆற்றல் போகும் வழி அது. ‘தின்கிறது’ என்பது நேர் எதிர். கலந்து ஏற்றினால் பிழைச்செய்திகூட வராது, முயல் நரியைத் தின்னும்.

தன்னினத்தையே தின்பவை உண்டு, எனவே இரு ஐடியும் ஒன்றாகக் கூடாது என்று தடை போடாதீர்கள். வலையில் சுழற்சியும் வரும். ரிகர்சிவ் குவெரியில் (தன் விடையையே மறுபடி எடுத்துத் தேடும் குவெரி) வந்த பாதையைச் சரிபார்க்காவிட்டால் அது முடிவில்லாமல் சுழலலாம்.

‘உச்ச வேட்டையாடி’யை, அதாவது தன்னை வேட்டையாட வேறு இனம் இல்லாததை, சேமிக்க வேண்டாம், கணக்கிடலாம். வளர்ந்த பருவத்தை மட்டும் பாருங்கள். முட்டை தின்பவற்றைச் சேர்த்தால் முதலைகூட உச்சத்திலிருந்து இறங்கிவிடும். ‘ஆதார இனம்’ (அகற்றினால் சூழலே பெரிதாக மாறிவிடும் இனம்) அப்படியல்ல, அம்புகளை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது. சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1960களில் பாறைக் கரையிலிருந்து கடல் நட்சத்திரங்களை அகற்றியபோது மசல் சிப்பிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அகற்றிப் பார்த்துத் தெரிந்த உண்மை அது. எனவே அந்தப் பங்குக்கு இடம், சான்று இரண்டும் கட்டாயம்.

தும்பி:
மகரந்தச் சேர்க்கை? இருவருக்கும் லாபமாச்சே, இரண்டு வரியா?

நீர்நாய்:
ஒரே வரி. டேபிளுக்கு ‘உறவு’ என்று பெயர் மாற்றி, ‘உறவு வகை’ சேருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் விளைவு நெடுவரிசை: +1, 0, −1. பூவுக்கு +1, தேனீக்கு +1. ஒட்டுண்ணிக்கு +1, அது ஒட்டிய உயிருக்கு −1.