மோர்மோ: பூச்சாண்டியா, அப்பூச்சியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழங்கிரேக்கத்தில் பிள்ளைகளை மிரட்டப் பெரியவர்கள் சொன்ன பெயர் மோர்மோ. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு முதலில் வந்த பரிந்துரை ‘குழந்தைமிரட்டி’. பொருள் சரிதான், காதில்தான் கொசுவிரட்டி மாதிரி விழுகிறது. அடுத்து வந்த ‘பேய்’ பொருந்தாது. பேய்க்குப் பெரியவர்களும் பயப்படுவார்கள். மோர்மோவோ பிள்ளைகளை அடக்குவதற்கென்றே இருப்பவள். லாமியா, கொர்கோ, எஃபியால்டஸ் ஆகியோரோடு மோர்மோலுக்கே என்ற பெயரில் இவளையும் சேர்த்து, குழந்தைகளை மிரட்டச் சொல்லும் கதைகள் இவை என்றே கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

பொதுப்பெயருக்குப் பூச்சாண்டியே போதும். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸின் 15ஆம் பாடலைப் பாருங்கள். அலெக்சாந்திரியாவில் பிராக்சினோவா என்ற பெண் அரண்மனைத் திருவிழாவுக்குக் கிளம்புகிறாள். பிள்ளை தானும் வருவேன் என்று அழுகிறது. “உன்னைக் கூட்டிப்போக மாட்டேன். மோர்மோ! குதிரை கடிக்கும்” என்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் அழு, உன்னை நொண்டியாக்கிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, பிள்ளையைப் பணிப்பெண்ணிடம் விட்டு, நாயை உள்ளே அழைத்து வாசலைப் பூட்டச் சொல்லிப் போகிறாள். அந்த இடத்தில் “பூச்சாண்டி!” என்று போட்டால் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவளையே குறிக்கும் இடங்களில் மோர்மோ என்ற பெயர் அப்படியே நிற்கட்டும். நம் பூச்சாண்டி ஆண், அவள் பெண். தன் பிள்ளைகளையே தின்ற கொரிந்துப் பெண் என்று ஒரு பழைய உரைக்குறிப்பு சொல்கிறது. எரின்னா என்ற பெண்கவி, இறந்துபோன தோழியை நினைத்துப் பாடும்போது, சிறுவயதில் இருவரும் மோர்மோவுக்குப் பயந்ததைச் சொல்கிறாள்: பெரிய காதுகள், நாலு காலில் நடை, மாறிக்கொண்டே இருக்கும் முகம்.

சிக்கல் மோர்மோவோடு உறவுள்ள மோர்மோலுக்கெயோன் என்ற சொல்லில்தான். அது ஆள் இல்லை, மிரட்டக் காட்டும் பொருள், முகமூடி. மரணம் ஒரு மோர்மோலுக்கெயோன், திருப்பிப் பார், கடிக்காது என்கிறார் தத்துவஞானி எபிக்டெட்டஸ். பூச்சாண்டியை எப்படித் திருப்பிப் பார்ப்பது? இதற்கு ‘அப்பூச்சி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் “அப்பூச்சி காட்டுகின்றான்”. கண்ணிமையை மடித்து மிரட்டும் விளையாட்டு என்று விளக்கம் சொல்வார்கள். அதாவது அப்பூச்சி என்பது வருகிற ஆள் அல்ல, காட்டுகிற முகம். கொங்கு நாட்டார் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்பதால் குழப்பம் வரும் என்பீர்கள். முதல் தடவை ‘அப்பூச்சி முகமூடி’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பிளேட்டோவின் ஃபைடோ என்ற உரையாடல் நூலில், நமக்குள் இருக்கும் குழந்தை மரணத்துக்கு அஞ்சுவதும் இந்த மோர்மோலுக்கெயோனுக்கு அஞ்சுவதுபோலத்தான். அங்கேயும் இது சரியாக உட்காரும்.

வினைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பிளேட்டோவின் இன்னொரு உரையாடலான கிரிட்டோவில், ஊர்க் கும்பல் நம்மைக் குழந்தைகள்போல மிரட்டினாலும் என்று சாக்ரட்டீஸ் பேசும் இடத்தில் வருவது மோர்மோவிலிருந்து பிறந்த வினைச்சொல். ‘பூச்சாண்டி காட்டினாலும்’ என்றால் முடிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. கி.மு. 425இல் அரங்கேறிய, அரிஸ்டோஃபனீஸ் எழுதிய நகைச்சுவை நாடகத்தில், படைத்தலைவன் லாமக்கஸிடம் அந்த மோர்மோவை அப்பால் எடு என்று குடியானவன் கெஞ்சுகிறான். கேடயத்தைப் பார்த்துச் சொல்வது அது. பொருளாகப் பார்த்தால் அப்பூச்சி, கேலியாகப் பார்த்தால் பூச்சாண்டி. நான் கேலிப் பக்கம். வேறு யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள்.