மெடிக்கல் போர்டு எழுதிய 35 சதவீதமும் என் அண்ணனின் தொழிலும்

சேலத்திலிருந்து:

என் அண்ணன் பெயின்டர். சாரத்தில் ஏறி மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிப்பவர். பைக்கில் வேலைக்குப் போகும்போது எதிரே வந்த சரக்கு வேன் மோதி, வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நடக்கிறார். ஆனால் ஏணி ஏற முடியாது, குந்தி உட்கார முடியாது. மெடிக்கல் போர்டு கொடுத்த ஊனச் சான்றிதழில் 35 சதவீதம் என்று இருந்தது.

நான் இதை எழுதுவதே அந்த 35-க்காகத்தான்.

வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்தபோது, இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் ஒரு கணக்கு சொன்னார். ஒரு சதவீத ஊனத்துக்கு 5,000 ரூபாய், 35-க்கு 1,75,000. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கு ஒரு தொகையும் தனி. லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம், பணம் சீக்கிரம் வரும். வீட்டில் கடன் நெருக்கியதால் அண்ணி கையெழுத்துப் போடலாம் என்றே சொன்னார். அண்ணனும் தலையாட்டிவிட்டார்.

எங்கள் வழக்கறிஞர்தான் விடவில்லை. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து விளக்கினார். டாக்டர் எழுதுவது உடம்பில் எவ்வளவு போனது என்பதை. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. இரண்டும் ஒன்றல்ல. இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம் போய்விடும். அதே கை போன அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். அந்தத் தீர்ப்பிலேயே இந்த உதாரணம் இருக்கிறது.

சரி, முழங்கால் மடங்காதவர் சாரம் ஏறுவது எப்படி? அண்ணனை வேலைக்குக் கூப்பிடும் கான்ட்ராக்டரையே சாட்சியாக அழைத்தோம். சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது என்பதால், முன்பு என்ன கூலி கொடுத்தார், இப்போது ஏன் உயர வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னார். குறுக்கு விசாரணையில் அவரை நன்றாகவே துருவினார்கள். மனிதர் அசையவில்லை. அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

தீர்ப்பாயம் மாத வருமானம் 15,000 என்றும், சம்பாதிக்கும் திறனில் இழப்பு 50 சதவீதம் என்றும் ஏற்றுக்கொண்டது. அண்ணனுக்கு அப்போது வயது 38. சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000. அதை 12-ஆல் பெருக்கி, 36 முதல் 40 வயதுக்கு உரிய பெருக்கெண் (எத்தனை ஆண்டு வருமானம் என்று வயதைப் பொறுத்து வைத்திருக்கும் எண்) 15-ஆல் பெருக்கினால் 37,80,000. அதில் பாதி 18,90,000. ஆஸ்பத்திரி பில்லும் வலி வேதனையும் இதற்கு மேல். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

1,75,000-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கால், அதே சான்றிதழ். எத்தனை கொத்தனார்கள், லோடுமேன்கள் அந்த முதல் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

திருநெல்வேலியிலிருந்து:

உங்கள் வழக்கறிஞர் நல்ல மனிதர். எங்களுக்கு ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே ஒரு புரோக்கர் வந்து நின்றார். வருவதில் 20 சதவீதம் வக்கீலுக்கு என்றார். தீர்ப்புத் தொகையில் பங்கு என்று கட்டணம் பேச வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் விதிகளில் இடமில்லை. சித்தப்பாவுக்கு அது தெரிந்திருந்ததால் அவரை அனுப்பிவிட்டார்.

அடிபட்டது என் அம்மாவுக்கு. தோள்பட்டை. "வீட்டில் இருப்பவர், வருமானம் இல்லை" என்று எதிர்த்தரப்பு எழுதியிருந்ததைப் படித்து அம்மா அன்று சாப்பிடவே இல்லை. விடியற்காலையில் எழுந்து ஆறு பேருக்கு ஆக்கிப்போட்டவர். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு, அதற்கு ஒரு வருமானம் நிர்ணயிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொன்ன தீர்ப்பை வைத்துத்தான் வாதாடினோம். சமையலுக்கு ஆள் வைத்த சம்பளத்தை அக்கா ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி எழுதி வைத்திருந்தாள். அதையும் ஆவணமாக எடுத்துக்கொண்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து:

என் மச்சானை நெடுஞ்சாலையில் அடித்த வண்டி எது என்றே தெரியவில்லை. முதல் 48 மணி நேர சிகிச்சை, தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசமாக நடந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. அப்புறம் வண்டி தெரியாததால் ஒன்றும் கிடைக்காது என்றே ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். அது சரியல்ல. அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், 01.04.2022-க்குப் பின் நடந்த விபத்துகளில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு. முன்பு 25,000-மும் 12,500-மும்தான். கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பம் கொடுத்தோம்.

ஒரு சந்தேகம். என் நண்பருக்கு ஓசூர் பக்கம் விபத்து, இருப்பது விழுப்புரத்தில். வழக்குக்கு ஒவ்வொரு தடவையும் அங்கேயா அலைய வேண்டும்?

சேலத்திலிருந்து:

வேண்டாம் அண்ணா. குடியிருக்கும் ஊரில் உள்ள தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆனால் நாள் தள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். 01.04.2022 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் வந்துவிட்டது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், இருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையில் வாங்கிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். சிகிச்சை முடியட்டும் என்று நிற்க வேண்டாம், ஊனச் சான்றிதழைப் பின்னால்கூடத் தாக்கல் செய்யலாம்.