குழி மனிதர் தனியாகத்தான் இருந்தார் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

கேள்வி (ஆற்றுமணல்): பிரேசிலின் ரொண்டோனியா மாநிலக் காட்டில் தனியாக வாழ்ந்து 2022-இல் இறந்த பழங்குடி மனிதரைப் பற்றித்தான் கேட்கிறேன். அவரோடு யாரும் பேசியதே இல்லை. அப்படியிருக்க, தன் இனத்தின் கடைசி ஆள் அவர்தான் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? அந்தக் குழிகள் எதற்கு?

மரங்கொத்தி: எல்லாம் தடயத்தை வைத்துத்தான். 1996 முதல் பழங்குடித் துறையான ஃபுனாய் அவர் கைவிட்டுப்போன குடிசைகளைக் கணக்கெடுத்து வந்தது. மொத்தம் 53. எல்லாமே ஒரே அமைப்பு: ஓர் ஆளுக்குப் போதுமான இடம், ஒரே வாசல், உள்ளே ஒரு குழி. பக்கத்தில் மக்காச்சோளம், மரவள்ளி, பப்பாளி, வாழை. கூட்டமாக வாழ்ந்திருந்தால் குடிசையும் தோட்டமும் பெருத்திருக்கும். 1970-களிலிருந்தே பண்ணைக்காரர்கள் அவர் மக்களைக் கொன்றார்கள். மிஞ்சிய சிலரையும் 1995-இல் கள்ளச் சுரங்கக்காரர்கள் முடித்துவிட்டார்கள்.

கல்மூங்கில்: குழி இரண்டு வகை, போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளியே இருந்தவை வேட்டைப் பொறி, அடியில் கூர்சீவிய கழிகள். குடிசைக்குள் இருந்தது குறுகலானது, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். பதுங்கவா, வழிபாட்டுக்கா? ஊகம்தான். 'பதுங்குகுழி' என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை நம்பாதீர்கள்.

நீர்க்கோழி: ஃபுனாய் அவரோடு பேசாமல் விட்டது அலட்சியம் இல்லை. சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் இப்படிப்பட்ட குழுக்களைத் துடைத்தெடுத்ததைப் பார்த்துத்தான் 1987-இல் 'நாமாகப் போய்த் தொடர்புகொள்வதில்லை' என்று கொள்கையை மாற்றினார்கள். கோடரி, வெட்டுக்கத்தி, விதை ஆகியவற்றை வழியில் வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். 2005-இல் கொஞ்சம் நெருங்கிப் போனதற்கே ஓர் ஊழியரின் மார்பில் அம்பு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். தொடர்பே வேண்டாம் என்பதைக் குழி மனிதர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆற்றுமணல்: நன்றி. அந்த நிலம் என்ன ஆகும்?

மரங்கொத்தி: சிக்கலே அங்கேதான். அவர் வாழ்ந்த தனாரு நிலம் 8,070 ஹெக்டேர், சுற்றிலும் மாட்டுப் பண்ணை. அவர் இருந்தவரை நிரந்தரமாக எல்லை வகுத்துத் தரவில்லை; வெளியாட்கள் நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற 'பயன்பாட்டுத் தடை' என்னும் தற்காலிக ஆணைதான் இருந்தது, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஓர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் அதற்கு ஆதாரமாக இருந்தது. ஆகஸ்ட் 23 அன்று ஊஞ்சல்வலையில், மக்காவ் கிளி இறகுகள் சூடிய நிலையில் உடலைக் கண்டெடுத்ததும் பண்ணைக்காரர்கள் நிலத்தைக் கேட்டார்கள். பழங்குடி அமைப்புகளோ, இனப்படுகொலை நடந்த இடம், நினைவிடமாகக் காக்க வேண்டும் என்றன. உடலை ஆய்வுக்காகப் பிரேசிலியா கொண்டுபோய், நவம்பரில்தான் அதே மண்ணில் புதைத்தார்கள்.